சும்மா ஓடிய ஒரு நாள்



யாழ்ப்பாணத்தவனிடம் சைக்கிளைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதை ஒக்கும். அதை நன்கறிந்துகொண்டே இன்று அந்த ஊசியை எடுத்து வந்திருக்கிறேன். அரசாங்கப் பத்திரங்களில் இதற்குத் துவிச்சக்கர வண்டி என்று பெயர். பாடசாலைச் சுற்றறிக்கை எழுதும்போது நானும் அப்படியே எழுதுகிறேன். ஆயினும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு எவரும் அதில் ஏறியதை நான் கண்டதில்லை. ஆகவே இந்தப் பேச்சில் சைக்கிள் என்றே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் ஓடுகிறேன். பள்ளிக்கூடம் போக ஓடினேன். பல்கலைக்கழகம் போக ஓடினேன். சங்கக்கடையில் வரிசை பிடிக்கவும், மாவரைக்கவும், மருந்தெடுக்கவும், செத்தவீட்டுக்குச் சொல்லவும் ஓடினேன். இத்தனை ஓட்டத்திலும் ஒரு காரியமும் இன்றி, ஓட்டத்துக்காகவே ஓடிய நாள் ஒன்று உண்டா என்று எண்ணிப் பார்த்தால், ஐம்பத்தாறாவது வயதில்தான் அது வாய்த்தது. வாய்த்த இடமும் நம்நாடு அன்று. கனடாவின் ரொறன்ரோ நகரம். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். அதற்கு முன்னர் பழைய சைக்கிள் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

என் தகப்பனார் ஹம்பர் சைக்கிள் வைத்திருந்தார். இங்கிலாந்திலே தோமஸ் ஹம்பர் என்பவர் தொடங்கிய தொழிலகத்தின் பெயரைத் தாங்கிய வண்டி அது. 1932ஆம் ஆண்டில் அந்தச் சைக்கிள் தொழிலை ராலி நிறுவனத்தார் வாங்கிய பின்னரும் பெயரை மாற்றாமல் செய்துவந்தார்கள். மற்றச் சைக்கிள்களில் முன்சில்லைத் தாங்கும் கவை பக்கத்துக்கு ஒரு குழாயாக இருக்கும். ஹம்பருக்குப் பக்கத்துக்கு இரண்டு. அந்த இரட்டைக் கவையைக் கண்டே ஒழுங்கையின் முடக்கில் வருவது யார் வீட்டுச் சைக்கிள் என்று சொல்லிவிடலாம். இருக்கையில் ஏறினாற் கால் எட்டாத வயதில், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை நண்டு போல ஒருபுறம் சாய்த்து, அதில் ஓடப் பழகினேன். முழங்காலில் இன்றும் இருக்கும் தழும்பு அக்காலத்துச் சான்றிதழ்.

1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது அரிதாயிற்று. அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிறந்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று சைக்கிளே பஸ், சைக்கிளே லொறி, சைக்கிளே அம்புலன்ஸ். விறகு வந்தது கரியரில்; வெங்காயம் போனது கரியரில்; பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்களும் கரியரிலேதான் போனார்கள். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. இரவில் வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையாற் சுழற்ற, டைனமோவில் எழும் மின்னைக் கம்பி வழியாக வானொலிப் பெட்டிக்குக் கொடுப்போம். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தங்கையுடையது. அவள் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும். அவளுக்குக் கோபம் வந்து வேகமாகச் சுழற்றினால் அவரும் உரக்கப் பேசுவார். அப்படிச் சைக்கிளின் தயவால் வானொலி கேட்ட ஒருவன், வானொலியின் தயவால் சைக்கிளைப் பற்றிப் பேசுவது கடன் தீர்ப்பதாகும் என்று கருதுகிறேன்.

அந்தத் தங்கைதான் இப்போது ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கிறாள். ஒரு குடும்பக் கருமத்தை முன்னிட்டு மூன்று வார விடுமுறை பெற்று அங்கே போயிருந்தேன். ஒக்டோபர் மாதத் தொடக்கம். நம்மூர் மார்கழிப் பனியைக் குளிர் என்று சொல்லிப் பழகியவனுக்கு அங்கத்தைய இலையுதிர் காலம் போதுமான பாடம் கற்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய மகன் வந்து, "மாமா, சைக்கிள் ஓடப் போவோமா?" என்று கேட்டான். பதினைந்து வயது. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டி வாசிப்பான்.

"எங்கே, தம்பி?" என்றேன்.

"ஓரிடமும் இல்லை, மாமா. சும்மா."

'சும்மா' என்ற சொல்லுக்கு நம் மொழியில் எத்தனையோ பொருள் உண்டு. ஞானிகள் அதை வைத்துப் பெரிய விடயங்களெல்லாம் பேசியிருக்கிறார்கள். ஆயினும் சைக்கிளையும் அந்தச் சொல்லையும் ஒருவர் சேர்த்துச் சொல்ல நான் கேட்டது அன்றுதான்.

அவனுடைய தகப்பனாரின் சைக்கிளை எனக்கென எடுத்து வந்தான். கையில் தூக்கினால் ஹம்பரிற் பாதிப் பாரமும் இராது. அதைச் சுற்றி வந்து பார்த்தேன். ஏதோ குறைகிறது. சிறிது நேரம் கழித்தே புலப்பட்டது: கரியர் இல்லை. கரியர் இல்லாத சைக்கிளை நான் அதுவரை ஓடியதேயில்லை. தலைக்கவசம் ஒன்றையும் தந்தான். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் தலைக்கவசம் அணியாமற் சைக்கிள் ஓடக்கூடாது. எனக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆயினும் அதிபர் ஒருவர் மருமகனுக்கு முன்னே முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? அணிந்துகொண்டேன்.

ஸ்காபரோவிலிருந்து ஏரிக்கரைக்குப் போகச் சைக்கிள்களுக்கும் பஸ் உண்டு. அந்நகரத்துப் பஸ்களின் முகப்பில் மடித்து விரிக்கும் இரும்புச் சட்டம் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு சைக்கிள்கள் அதில் நிற்கும். சாரதி பொறுமையாக இருக்க, பையன் தானே இரண்டையும் ஏற்றிப் பூட்டினான். நம்மூரிற் பஸ்ஸின் கூரையிற் சைக்கிளைக் கட்டும் நடத்துநரின் வாய்மொழியைக் கேட்டுப் பழகிய எனக்கு அந்த மௌனம் சற்றே கலக்கத்தைத் தந்தது.

வூட்பைன் கரையில் இறங்கினோம். எதிரே ஒன்ராறியோ ஏரி. ஏரி என்று சொல்லுகிறார்களேயன்றி மறுகரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, நீர்ப்பறவைகள் கத்துகின்றன. ஆனால் மூக்கு ஏமாறுகிறது. பண்ணைக் கடலையும் காரைநகரையும் அறிந்த மூக்குக்கு உப்பு மணம் இல்லாத கடல் ஒன்று இருக்கக்கூடும் என்பதை நம்ப வெகுநேரம் பிடித்தது.

அங்கிருந்து மேற்கு நோக்கி ஏரியின் ஓரமாகவே ஒரு தடம் போகிறது. மாட்டின் குட்மன் தடம் என்று பெயர். அந்நகரத்துப் பெரிய செய்தித்தாள் ஒன்றின் தலைமை ஆசிரியராக இருந்து 1981இற் காலமானவர் அவர். நகரம் தன் நூற்றைம்பதாவது ஆண்டைக் கொண்டாடிய 1984இல் தடம் திறக்கப்பட்டது. பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்குச் சிலை வைக்காமற் சைக்கிள் தடம் ஒன்றை நினைவாக்கினார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. சிலைக்குக் காகம் மட்டுமே போகும்; தடத்துக்கு ஊரே போகிறது.

தடம் என்பது தார் இட்ட ஒடுக்கமான பாதை. நடுவிலே கோடு. மோட்டார் வாகனம் அதில் வராது. சைக்கிள்காரர்களோடு நடப்பவர்களும், ஓடுபவர்களும், தள்ளுவண்டியிற் குழந்தையைக் கொண்டு வரும் தாய்மாரும் போகிறார்கள். அங்கே யாவும் வலப்பக்கம். நானோ இடப்பக்கத்துப் பிறவி. முதல் அரைமணி நேரத்தில் இரண்டு முறை எதிரே வந்தவர்களின் முகத்துக்கு நேரே போய், பையனிடம் கண்டிப்பு வாங்கினேன். பின்னால் வருபவர் முந்தும்போது "இடப்பக்கம்" என்று தம் மொழியிற் குரல் கொடுப்பது அங்கத்தைய வழக்கம். அக்குரல் கேட்டதும் இடப்பக்கம் நகர வேண்டும் என்று எண்ணி நான் நகர, அவர்கள் அலற, பெரும் வேடிக்கையாயிற்று. தடத்தில் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது நகரத்தின் விதி. அதை அனுசரித்து ஓடியவன் அன்று நான் ஒருவனே என்று நினைக்கிறேன். அதுவும் வேறு வழியின்மையால்.

சிறிது தூரம் போனதும் பையன் தெற்கே திரும்பினான். ஏரிக்குள்ளே ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நிலநாக்கு நீண்டு கிடக்கிறது. லெஸ்லித் தெரு நாக்கு என்று வழங்குவார்கள். இயற்கையாக உண்டானதன்று, 1959ஆம் ஆண்டு முதலாக நகரத்திற் கட்டடங்கள் இடிக்கப்படும்போதெல்லாம் அந்த இடிபாடுகளைக் கொண்டுவந்து ஏரியிற் கொட்டிக் கொட்டி உண்டாக்கியது. துறைமுகத்துக்கு அலைதடுப்பாகும் என்று தொடங்கினார்கள். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை, பறவைகள் வந்தன. விதைகளைக் காற்றுக் கொண்டுவந்தது, மரம் முளைத்தது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் பட்டு மரங்கள் வெள்ளை எலும்புக்கூடுகளாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளிற் பாரவண்டிகள் வருவதில்லை. வழி முழுவதும் சைக்கிளுக்கும் காலுக்கும் உரியது.

கரையில் இறங்கிப் பார்த்தேன். செங்கல், ஓட்டுத்துண்டு, குளியலறையிற் பதித்த ஓடு, கம்பி நீட்டிய கொங்கிறீற்றுப் பாளம். செங்கற்களின் மூலைகளை அலை தேய்த்து உருண்டையாக்கிவிட்டது. ஒன்றைக் கையில் எடுத்தபோது, யாரோ ஒருவருடைய அடுக்களைச் சுவர் இது என்று தோன்றியது. இடிந்த வீடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவற்றின் மேல் நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்வதைக் கண்டது அங்கேதான். பையன் ஒரு கல்லைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து மேற்கே ஓடத் தொடங்கியதும் காற்று முகத்துக்கு நேரே வந்தது. எதிர்காற்றை நான் அறிவேன். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் வேலணைக்குப் போனவர்கள் எல்லாரும் அறிவார்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்பு இல்லை, எழுந்து நின்று உழக்கினாலும் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். பாடசாலை மணிக்குப் பிந்திவிடுவேனே என்ற ஏக்கம் மேலும் காலைக் கட்டும். அன்று ரொறன்ரோவிலும் அதே காற்று, அதே உழக்கு. ஆனால் எனக்காக எங்கேயும் மணி அடிக்கவில்லை. இறங்கி நிற்கலாம், புல்லில் இருக்கலாம், திரும்பியும் போகலாம். அந்தச் சுதந்திரம் தெரிந்ததும் உடம்பில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தோளும் கழுத்தும் தாமாகவே இளகின. காற்றை எதிர்ப்பதை விட்டு, அது தரும் அளவான வேகத்தில் ஓடத் தொடங்கினேன். சங்கிலியின் ஓசை கேட்டது. ரயர் தாரில் உரசும் ஓசை கேட்டது. நாற்பது ஆண்டுகளாக என் காலடியில் ஒலித்துக்கொண்டிருந்த ஓசைகள்தாம். கேட்க நேரம் இருந்ததில்லை.

நீண்ட ஓட்டத்தின் இன்பம் முதல் மணித்தியாலத்தில் வருவதன்று. முதலில் இருக்கை உறுத்தும், மூச்சு முட்டும், வீட்டு நினைவும் பாடசாலை நினைவும், கையெழுத்திடாது விட்டுவந்த காகிதங்களின் நினைவும் கூடவே ஏறிவரும். ஒருமணி நேரத்துக்குமேல் அவை ஒவ்வொன்றாக இறங்கிவிடுகின்றன. பின்னர் கால் தன்பாட்டில் உழக்குகிறது. கண் தன்பாட்டிற் பார்க்கிறது. இடையில் நான் என்று ஒருவன் தலையிட வேண்டிய தேவை குறைந்துபோகிறது. மோட்டாரிற் போகிறவனுக்கு நகரம் கண்ணாடிக்கு அப்பால் ஓடும் படம். நடப்பவனுக்கோ ஒரு தெரு முடிவதற்குள் நாள் முடிந்துவிடும். ஊரை மணந்துகொண்டும் கேட்டுக்கொண்டும் போகத்தக்க வேகம் சைக்கிளின் வேகமே என்பது என் துணிபு.

நகரத்தின் நடுப்பகுதியில் அந்த இன்பம் சற்றுத் தடைப்படுகிறது என்பதையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். குயின்ஸ் கீ என்ற தெருவிலே தடம் ட்ராம் பாதையின் அருகே செல்கிறது. கைத்தொலைபேசியைப் பார்த்தபடி, இது தடம் என்ற எண்ணமே இன்றிக் குறுக்கே நடப்பவர்கள் அங்கே ஏராளம். 553 மீற்றர் உயரமான சீ.என். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றாற் சைக்கிளை விட்டு இறங்கியே பார்க்க வேண்டும். இன்றேல் கோபுரத்தைப் பார்த்தவன் தரையையும் கிட்ட இருந்து பார்ப்பான். அதைக் கடந்தால் மறுபடியும் ஏரி. 1922இற் கட்டிய சன்னிசைட் குளிப்பு மண்டபத்தின் வளைவுகளைத் தாண்டி, புற்கரையோரமாகப் போய், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தோம். வெள்ளை நிற வளைவுப் பாலம் ஒன்று ஒரே பாய்ச்சலாக நூறு மீற்றரைத் தாண்டி நின்றது. சைக்கிள்களுக்கும் நடப்பவர்களுக்கும் என்றே 1990களின் நடுப்பகுதியிற் கட்டிய பாலம். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளின் இடிப்பறவை உருவத்தை அதன் இரும்பிற் பொறித்திருக்கிறார்கள். அந்த ஆற்றோரமாக வடக்கே போய் உள்நாட்டு ஏரிகளை அடையும் காவுதடம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. ஓடங்களையும் பொதிகளையும் தோளிற் சுமந்து போன வழி.

"இந்த ஆற்றின் பெயர் என்ன?" என்று பையனிடம் கேட்டேன்.

"ஹம்பர்" என்றான்.

சிரித்துவிட்டேன். அவனுக்குக் காரணம் விளங்கவில்லை. இங்கிலாந்தில் ஹம்பர் என்று ஒரு நீர்முகம் உண்டு; அங்கு ஆள வந்த சிம்கோ என்பவர் தம் நாட்டுப் பெயர்களைக் கொண்டு ஆறுகளுக்குப் பெயரிட்டபோது இதற்கு அதை இட்டார். சைக்கிளுக்கு வந்ததோ ஒரு மனிதரின் பெயர். ஆயினும் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தகப்பனாரின் இரட்டைக் கவைச் சைக்கிள் எதிர்க்கரையிலிருந்து வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன்.

"இந்த ஆற்றோரமாகவும் தடம் போகிறது மாமா, களைப்பா?" என்றான். களைப்புத்தான். இல்லை என்றேன்.

இடையிற் சில தெருக்களைக் கடந்து, மறுபடியும் பள்ளத்தில் இறங்கினால் நகரம் மறைந்துபோகிறது. அப்படிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தின் நடுவே, இருபுறமும் மஞ்சளும் சிவப்புமாக இலை உதிர்க்கும் மரங்களும் ஆறும் தடமுமேயன்றி வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய ஆலை என்று வழங்கும் இடத்துக் கல்லணையில் ஆட்கள் கூடி நின்றார்கள். சமன் என்ற பெருமீன்கள் ஏரியிலிருந்து முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து மேலேறும் மாதம் அது. அணையை நோக்கி ஒரு மீன் பாயும், நீர் அதைத் தள்ளி வீழ்த்தும், மறுபடியும் பாயும். ஏரிக்குரிய பழைய சமன் இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே அற்றுப்போயிற்று. இப்போது பாய்வன பசிபிக் பெருங்கடலின் இனம். மனிதர் கொண்டுவந்து விட்டவை. ஒரு மீன் தாண்டியதும் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பாடசாலை விளையாட்டுப் போட்டியிற்கூட அதிபராகிய நான் அவ்வளவு ஊக்கமாகக் கைதட்டியதில்லை.

அதற்கும் மேலே வெகுதூரம் போய், ரேமோர் என்ற பூங்காவில் ஓய்ந்தோம். புற்றரை, சில மரங்கள், ஆற்றோரத்தில் உடைந்த கொங்கிறீற்றுக் கட்டை ஒன்று. அதன் அருகே இருந்த அறிவிப்புப் பலகையை நான் வாசித்தேன். அதுவரை அன்று ஓடிய வழியெல்லாம் வேறொரு பொருள் பெற்றது.

1954ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆந் திகதி இரவு, ஹேசல் என்று பெயரிட்ட சூறாவளி அந்நகரத்தைத் தாக்கியது. முன்னரே மழையில் ஊறிப்போயிருந்த நிலம் நீரை உறிஞ்ச மறுத்தது. ஆறுகள் ஒரே இரவிற் பொங்கின. ஆகக் கொடிய அழிவை விளைத்தது ஹம்பர் ஆறு. நான் உட்கார்ந்திருந்த புற்றரை அன்று ஒரு தெரு. ரேமோர்த் தெரு. உறங்கிக் கொண்டிருந்த வீடுகளை வெள்ளம் அடியோடு பெயர்த்துக் கொண்டுபோயிற்று. அந்த ஒரு தெருவில் மாத்திரம் 35 பேர் மாண்டார்கள். கனடாவில் மொத்தமாக 81 பேர். கொங்கிறீற்றுக் கட்டை அங்கிருந்த நடைபாலத்தின் எச்சம்.

மறுபடி அந்த இடத்தில் வீடு கட்டவில்லை. வெள்ளம் பரவும் ஆற்றுப் பள்ளங்களிற் குடியிருப்பு அமைப்பதை விதிகளாற் தடுத்தார்கள். 1957இல் நீரேந்து நிலங்களைக் காப்பதற்குப் பெருநகருக்கென ஓர் அதிகார சபை உண்டாயிற்று. நிலங்களைச் சிறிது சிறிதாகப் பொதுமக்களுக்கென வாங்கினார்கள். விலைபோகக்கூடிய நிலத்தை வெறுமையாக விட்டு வைப்பது எந்த நகரத்துக்கும் எளிதன்று. வீடு கட்டக்கூடாத நிலத்திற் புல் வளர்த்தார்கள், மரம் வளர்த்தார்கள், தடம் போட்டார்கள். ஆற்றோரத்தில் நகரமே தெரியவில்லை என்று நான் வியந்தேன் அல்லவா? அங்கே நகரம் இருந்தது. ஆறு கேட்டபின் எழுந்து நின்று இடம் கொடுத்துவிட்டது.

பையனுக்கு இந்தக் கதை பாடசாலையிற் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "ஓர் இரவில் எல்லாம் போய்விட்டது, மாமா" என்றான். பிறகு, "அம்மாவுக்கு ஏன் சைக்கிள் பிடிக்காது?" என்று கேட்டான்.

அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

1995ஆம் ஆண்டு, அதுவும் ஒக்டோபர் மாதந்தான், 30ஆந் திகதி. யாழ்ப்பாணத்து மக்கள் எல்லாரும் ஒரே மாலையில் ஊரை விட்டுப் புறப்பட்டோம். தகப்பனாரின் ஹம்பர் சைக்கிளின் பாரில் அரிசிச் சாக்கு. ஹாண்டிலில் இரண்டு பக்கமும் பை. கரியரிற் பாட்டியை இருத்தி, அவர் மடியிலே தையல் இயந்திரத்தின் தலையை வைத்தோம். தாயார் அதை விட்டு வர மறுத்துவிட்டார். சைக்கிளை ஓடவில்லை, ஓட இடமில்லை. உருட்டினோம். நாவற்குழிப் பாலத்துக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். இரவு முழுவதும் சென்றது. ஓரடி வைப்போம், நிற்போம். மழை பெய்தது. இருட்டிலே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பதினேழு வயதுத் தங்கையிடம் தகப்பனார் சொன்னது ஒன்றே ஒன்று: "கரியரை விடாதே." அவள் விடவில்லை. விடியும் வரை கரியர்க் கம்பியைப் பிடித்தபடியே நடந்தாள். காலையிற் கைதடியில் ஒரு வேலியோரம் இளைப்பாறியபோது அவளுடைய விரல்கள் விரியவில்லை. தாயார் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

பையன் ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிற் கையை விட்டு அந்த உருண்டைச் செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தான். ஆற்றோரத்தில் ஒரு நாய் இலைக் குவியலில் விழுந்து புரண்டது.

மாலையாகிவிட்டது. வந்த தடத்தில் திரும்பிப் பழைய ஆலைக்கு வந்து நிலக்கீழ் ரயில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமையிற் சைக்கிளோடு ஏறத் தடையில்லை. ஆற்றுக்கு மேலே நிலையம். பின்னர் நகரத்தைக் குறுக்கே கடந்து கிழக்கே கென்னடி நிலையம் வரை ஒரே தொடர். நாங்கள் காலை முதல் மாலை வரை ஓடிய நகரத்தை ரயில் ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிட்டது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிறிது உறங்கிப்போனேன். தொடைகள் மூன்று நாள் வரை என்னை மன்னிக்கவில்லை என்பதையும் வயதொத்த நேயர்களின் எச்சரிக்கைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

வீட்டிலே தங்கை தேநீர் ஊற்றித் தந்தாள். எவ்வளவு தூரம், எங்கே சாப்பிட்டீர்கள், குளிரவில்லையா என்று வழக்கமான கேள்விகள். பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கவனித்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்பதைப் புரிந்துகொண்டாள்.

சிறிது நேரம் கழித்து, "அண்ணா, அந்தச் சைக்கிளுக்குக் கரியர் இல்லையே" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"கரியர் இல்லாமலும் ஓட முடிந்ததா?"

"முதலிற் கொஞ்சம் ஏதோபோல இருந்தது. பிறகு பழகிவிட்டது."

கோப்பையைக் கழுவ எழுந்து போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் நாடு திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னர், மூன்று சைக்கிள்களோடு ஏரிக்கரைக்குப் போனோம். பஸ்ஸின் சட்டத்தில் இரண்டுக்கே இடம் உண்டாதலால் மைத்துனர் தம் வாகனத்திற் கொண்டுவந்து இறக்கினார். தங்கை முப்பது ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொட்டிருக்கவில்லை. பையன் இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்தபடி சிறிது தூரம் ஓடினான். பின்னர் கையை எடுத்துவிட்டான். அது அவளுக்குத் தெரியவில்லை. ஏரியைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தாள்.